நிதிக் கணிதத் துறைக்கு எதைப் படிப்பது?

இயற்பியலோ கணிதமோ படித்துப் பட்டம் பெற்ற ஒருவருக்கு வங்கியில் என்ன வேலை கிடைக்கும்? போட்டித் தேர்வு எழுதி எழுத்தராகவோ அலுவலராகவோ ஆகலாம் என்றுதான் நம்மில் பலரும் விடை கூறுவோம். ஆனால் நியூயார்க், இலண்டன், சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் பெரிய வங்கிகளிலும், மும்பையிலும் பெங்களூரிலும் இயங்கும் அவற்றின் அலுவலகங்களிலும் வேறொரு வகை ஊழியர்களைக் காணலாம். அவர்கள் பணத்தை எண்ணுவதில்லை. வாடிக்கையாளரைச் சந்திப்பதும் அரிது. வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பதும், நிகழ்தகவுகளைக் கணக்கிடுவதும், அவற்றைக் கணிப்பொறி நிரல்களாக எழுதுவதுமே அவர்கள் பணி. ஆங்கிலத்தில் அவர்களைச் சுருக்கமாகக் 'குவாண்ட்' என்பர். அவர்கள் துறைக்கு அளவுசார் நிதியியல் என்று பெயர். எளிமை கருதி நாம் அதனை நிதிக் கணிதம் என்றே வழங்குவோம்.

இத்துறையைப் பற்றி இப்போது கல்லூரி மாணவர்கள் அடிக்கடி வினவுகிறார்கள். "அதற்கு எந்தப் பட்டம் படிக்க வேண்டும், சார்? நிதிப் பொறியியல் என்றே ஒரு படிப்பு இருக்கிறதாமே?" என்பது வழக்கமான கேள்வி. பட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் விடை முடிந்துவிடாது. அந்தத் துறையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான், எதைப் படித்தால் அது கைகூடும் என்பது விளங்கும். ஆகவே முதலில் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம்.

துகளின் தள்ளாட்டம்

1827-இல் இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியல் அறிஞர், நீரில் மிதந்த மிக நுண்ணிய துகள்களை உருப்பெருக்கியால் நோக்கினார். அவை ஓயாமல் இங்குமங்கும் தள்ளாடிக் கொண்டிருந்தன. (அவர் கண்டது மகரந்தத் தூளையே என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. உண்மையில் மகரந்தத் தூளுக்குள்ளிருந்து வெளிவந்த நுண்துகள்களையே அவர் கண்டார். மகரந்தத் தூள் இவ்வாறு ஆட முடியாத அளவுக்குப் பெரியது.) கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் இந்த ஆட்டம் உண்டாகிறது என்பதை 1905-இல் ஐன்ஸ்டைன் கணித முறையில் விளக்கினார். இதனை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள்.

படித்திராத செய்தி ஒன்று உண்டு. ஐன்ஸ்டைனுக்கு 5 ஆண்டுகள் முன்பே, 1900-இல், பாரிசில் லூயி பாஷ்லியே என்ற மாணவர் ஏறக்குறைய இதே கணிதத்தை எழுதி முடித்துவிட்டார். ஆனால் அவர் ஆராய்ந்தது துகளை அன்று, பாரிஸ் சந்தையில் விற்பனையான கடன் பத்திரங்களின் விலையை! அவருடைய ஆய்வேட்டின் தலைப்பே 'ஊக வணிகக் கோட்பாடு' என்பதுதான். அதனை மதிப்பிட்டவர்களுள் ஒருவர் மாபெரும் கணித மேதையான புவான்காரே. ஆயினும் அந்நாளில் இது கணிதம்தானா என்று பலர் ஐயுற்றனர். பாஷ்லியேவுக்கு நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

துகளுக்கும் விலைக்கும் பொதுவானது எது? ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் ஓர் அடி வலப்பக்கமும், பூ விழுந்தால் ஓர் அடி இடப்பக்கமும் நகருங்கள். நூறு முறை சுண்டிய பின் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருப்பீர்கள்? வலமும் இடமும் சமமாக நேரக்கூடும் ஆதலால் சராசரி இடப்பெயர்ச்சி சுழி. ஆனால் நீங்கள் புறப்பட்ட இடத்திலேயே நிற்பீர்கள் என்று அதற்குப் பொருளில்லை. வாயுக்களின் இயக்கக் கொள்கையில் சராசரி இருமடி மூல வேகம் என்று ஒன்றைக் கணக்கிடுகிறோம் அல்லவா? அதே முறையில் சராசரி இருமடி மூலத் தொலைவைக் கணக்கிட்டால் அது 10 அடி. நூறின் வர்க்கமூலம்! பத்தாயிரம் முறை சுண்டினால் 100 அடி. அதாவது தொலைவு காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது.

இந்த ஒரு விதி நிதிக் கணிதத்தில் அன்றாடம் பயன்படுகிறது. ஒரு பங்கின் விலை நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் ஏறி இறங்குகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு எவ்வளவு? சந்தை நடக்கும் நாட்கள் சுமார் 250. எனவே 250 சதவீதம் என்று பெருக்கிவிடக் கூடாது. 250-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. ஆகவே ஆண்டு ஏற்ற இறக்கம் 16 சதவீதம். இதைக் கேட்டவுடன் மனக்கணக்காகச் சொல்வது இத்துறையில் வாய்பாடு ஒப்பிப்பதைப் போன்றது.

ஓர் ஒப்பந்தத்தின் விலை

வீட்டு மனை வாங்குவதை எண்ணிப் பாருங்கள். இன்ன விலைக்கு மூன்று மாதத்துக்குள் கிரயம் செய்துகொள்வதாகப் பேசி முன்பணம் தருகிறோம். இடையில் மனை விலை ஏறினால் பேசிய விலைக்கே வாங்கி இலாபம் அடைகிறோம். இறங்கிவிட்டால், முன்பணம் போனால் போகட்டும் என்று சிலர் விட்டுவிடுவதும் உண்டு. பங்குச் சந்தையில் இத்தகைய உரிமையையே தனியாக விலைக்கு விற்கிறார்கள். அதற்கு 'ஆப்ஷன்' என்று பெயர். நம் நாட்டில் தேசியப் பங்குச் சந்தையில் 2001 ஜூன் மாதம் நிஃப்டி குறியீட்டெண் மீதான ஆப்ஷன் வணிகம் தொடங்கியது.

அந்த உரிமைக்கு நியாயமான விலை என்ன என்பதே கேள்வி. ஒரு சிறு கணக்கால் இதை விளக்கலாம். இன்று ஒரு பங்கின் விலை 100 ரூபாய். ஒரு மாதம் கழித்து அது 120 ஆகும், அல்லது 90 ஆகும். வேறு வழியில்லை என்று கொள்வோம். மாத இறுதியில் அப்பங்கை 105 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை நான் உங்களுக்கு விற்கிறேன். விலை 120 ஆனால் உங்களுக்கு 15 ரூபாய் இலாபம். 90 ஆனால் உரிமைச் சீட்டு வெறும் தாள். நான் எவ்வளவு வாங்க வேண்டும்?

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வாய்ப்புச் சமம் என்றால் 15-இல் பாதி, ஏழரை ரூபாய் என்று தோன்றும். நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட அப்படியே சொல்கிறார்கள். ஆனால் வேறொன்றைச் செய்து பார்ப்போம். நான் அரைப் பங்கை 50 ரூபாய்க்கு வாங்குகிறேன். அதற்காக 45 ரூபாய் கடன் பெறுகிறேன். வட்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். என் கையிலிருந்து போட்டது 5 ரூபாய் மட்டுமே. மாத இறுதியில் விலை 120 ஆனால் அரைப் பங்கு 60 பெறும். கடன் 45-ஐக் கழித்தால் மீதி 15. விலை 90 ஆனால் அரைப் பங்கு 45 பெறும். கடனைக் கழித்தால் மீதி ஒன்றுமில்லை. ஆம்! உங்களுக்குத் தரவேண்டிய 15 அல்லது 0 எதுவோ, அதுவே அப்படியே என் கையில் இருக்கிறது. ஐந்து ரூபாயில் செய்துவிடக் கூடிய பொருளை நீங்கள் ஏழரை ரூபாய்க்கு வாங்கினால், விலை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு இரண்டரை ரூபாய் நிச்சய இலாபம். எனவே சரியான விலை 5 ரூபாய்.

இதில் வியப்பு என்னவெனில், விலை ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்பதை நாம் எங்குமே பயன்படுத்தவில்லை. ஏறுமா இறங்குமா என்று சோதிடம் சொல்லத் தேவையின்றியே விலை கிடைத்துவிட்டது. பென்சிலும் தாளும் எடுத்து 120-க்குப் பதிலாக 130 என்று வைத்துக்கொண்டு இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். கருத்து மனத்தில் பதியும்.

உண்மையில் விலை மாதத்துக்கு ஒரு முறையா மாறுகிறது? நொடிக்கு நொடி மாறுகிறது. ஆகவே மாதத்தைக் கணக்கற்ற சிறு நொடிகளாகப் பகுத்து, ஒவ்வொரு நொடியிலும் மேற்கண்ட கணக்கைப் போட்டு, கையிலுள்ள பங்கின் அளவைச் சற்றுச் சற்று மாற்றிக்கொண்டே செல்ல வேண்டும். இங்கேதான் நாம் படித்த நுண்கணிதம் ஒரு தடையைச் சந்திக்கிறது. வழக்கமான நுண்கணிதத்தில் ஒரு சிறு மாற்றத்தின் வர்க்கத்தை மிகச் சிறியது என்று தள்ளிவிடுவோம். ஆனால் தள்ளாட்டத்தில் தொலைவு காலத்தின் வர்க்கமூலம். எனவே தொலைவின் வர்க்கம் காலத்துக்குச் சமமான அளவுடையது. அதைத் தள்ள முடியாது! அந்த உறுப்பையும் சேர்த்துக்கொண்டு ஒரு புதிய நுண்கணிதத்தை 1940-களில் ஜப்பானியக் கணித அறிஞர் கியோஷி இட்டோ அமைத்தார். அதைக் கையாண்டு 1973-இல் பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் ஆகியோரும், அதே ஆண்டில் இராபர்ட் மெர்ட்டனும் ஆப்ஷன் விலைக்கான சமன்பாட்டை வெளியிட்டனர். மாறிகளைச் சற்று மாற்றி எழுதினால், அது நம் பழைய நண்பரான வெப்பக் கடத்தல் சமன்பாடே. ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் வெப்பம் எவ்வாறு பரவும் என்பதைச் சொல்லும் அதே சமன்பாடு!

பிளாக் இளநிலையில் இயற்பியல் படித்தவர். பிறகு பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மெர்ட்டன் பொறியியல் கணிதத்தில் தொடங்கிப் பொருளியலுக்கு வந்தவர். 1997-இல் மெர்ட்டனுக்கும் ஷோல்சுக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் 1995-இலேயே காலமாகிவிட்டார். துகள் இயற்பியலில் ஆய்வு செய்த இமானுவேல் டெர்மன் 1985-இல் நியூயார்க்கின் கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். வடிவியலில் புகழ்பெற்ற ஜேம்ஸ் சைமன்ஸ் பல்கலைக்கழகப் பதவியை விட்டுவிட்டு 1982-இல் தொடங்கிய நிறுவனம், வணிகம் படித்தவர்களை ஒதுக்கிவிட்டுக் கணிதம், இயற்பியல், வானியல் படித்தவர்களையே தேடிச் சேர்த்தது. இவர்களுள் எவரும் 'நிதிப் பொறியியல்' என்ற பட்டம் பெற்றவர் அல்லர். அந்நாளில் அப்படி ஒரு பட்டமே இல்லை.

கணக்கு பொய்த்த நாட்கள்

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. நாள் ஏற்ற இறக்கம் 1 சதவீதம் என்று முன்னே கண்டோம். மணி வடிவ வளைவுப்படி பார்த்தால், இந்தப் பிரபஞ்சத்தின் வயதான சுமார் 1380 கோடி ஆண்டுகளும் சந்தை நாள்தோறும் நடந்திருந்தாலும் இத்தகைய ஒரு சரிவை எதிர்பார்க்க இயலாது. ஆயினும் நடந்தது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பார்த்துப் பயப்படுவதில்லை, மனிதர்கள் பயப்படுகிறார்கள். ஒருவர் விற்றால் அதைக் கண்டு மற்றவரும் விற்கிறார். பருத்தி விலையின் மாற்றங்கள் மணி வடிவ வளைவில் அடங்கவில்லை, பெரிய தாவல்கள் அதிகம் என்பதைப் பெனுவா மாண்டல்பிராட் 1963-இலேயே காட்டியிருந்தார்.

மெர்ட்டனும் ஷோல்சும் பங்குதாரர்களாயிருந்த ஒரு முதலீட்டு நிறுவனம், அவர்கள் நோபல் பரிசு பெற்ற மறு ஆண்டே, 1998-இல், சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் இழந்து வீழ்ந்தது. 2008-இல் வீட்டுக் கடன்கள் ஒரே நேரத்தில் மொத்தமாக வாராக் கடனாகாது என்ற கணித ஊகம் பொய்த்தபோது, உலகெங்கும் வேலை இழந்தவர்கள் சமன்பாடு எழுதியவர்கள் மட்டுமல்லர். அதன்பின் அமெரிக்க மத்திய வங்கி 2011-இல், வங்கிகள் பயன்படுத்தும் ஒவ்வொரு கணித மாதிரியையும் அதை உருவாக்காத வேறொருவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. இதனால் 'மாதிரிச் சோதனை' என்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. பன்னாட்டு வங்கிகளின் இந்திய அலுவலகங்களில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய வேலைகளில் இது முக்கியமானது. சமன்பாட்டைத் தீர்ப்பவரைவிட, "இந்த ஊகம் எப்போது பொய்க்கும்?" என்று கேட்கத் தெரிந்தவரே அங்கு தேவை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் ஆப்ஷன் வாங்கி விற்பதையும் நிதிக் கணிதத்தையும் பல இளைஞர்கள் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். செபி என்னும் நம் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தனர். சராசரி நட்டம் ஆளுக்குச் சுமார் 2 இலட்சம் ரூபாய். எதிர்ப்பக்கம் இலாபம் பார்த்த பெருநிறுவனங்களில் பெரும்பகுதி வணிகத்தைக் கணிப்பொறி நிரல்கள் நடத்தின. அந்த நிரல்களை எழுதுபவர்தாம் குவாண்ட். மூன்று மாதப் 'பங்குச் சந்தைப் பயிற்சி'க்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை நான் அறிவேன். அப்பயிற்சி இத்துறைக்கு வழியன்று. அது வேறு திசையில் செல்லும் சாலை.

எதைப் படிப்பது?

இனி நம் கேள்விக்கு வருவோம். மேலே கண்டவற்றில் அடிப்படையாக நிற்பது எது? நிகழ்தகவு. அதற்கு அடுத்தபடி நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், புள்ளியியல் ஊகித்தல், கணிப்பொறி நிரல். பங்கு, பத்திரம், வட்டி ஆகியவற்றை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஜான் ஹல் எழுதிய நூலைப் போன்ற தரமான பாடநூல்கள் உண்டு. நிகழ்தகவில் சிந்திக்கும் பழக்கமோ ஆறு மாதத்தில் வராது. எனவே இளநிலைப் பட்டத்தில் நிதியைத் தேடாதீர்கள், கணிதத்தைத் தேடுங்கள் என்பதே என் கருத்து. நிதி வேலை கிடைக்காமற் போனாலும் அந்தப் பட்டம் உங்களைக் கைவிடாது. ஆசிரியப் பணி, ஆராய்ச்சி, தரவு அறிவியல், அரசின் புள்ளியியல் பணி என்று கதவுகள் திறந்திருக்கும். 'நிதிப் பொறியியல் இளநிலை' என்று பெரிய கட்டணத்துடன் விளம்பரம் செய்யும் படிப்புகளின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவுக்கு ஒரே ஒரு தாள்தான் இருக்குமானால் அதை விட்டுவிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவருக்கு முதல் தேர்வாக நான் கூறுவது புள்ளியியல். நம் மாநிலத்தில் இதன் அருமை பலருக்கும் தெரியவில்லை. வேறு பாடம் கிடைக்காதவர்கள் சேரும் துறை என்ற எண்ணம் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1963-இல் நியூயார்க்கின் கூரான்ட் நிறுவனத்துக்குச் சென்றவர் எஸ். ஆர். சீனிவாச வரதன். 2007-இல் கணிதத்தின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஏபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. மிக அரிதாக நேரும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவை ஆராய்வது அவர் வளர்த்த கோட்பாடு. 1987-ஐப் போன்ற நாட்களை எண்ணி அஞ்சும் காப்பீட்டாளருக்கும் வங்கியாளருக்கும் அது எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

கணிதம் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் பல்கலைக்கழகத் தாள்களில் தேற்றத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. அது இங்கே உதவாது. இயற்பியல் மாணவர்களின் நிலை வேறு. தோராயம் செய்யவும், ஒரு விடை பொருத்தமானதா என்று அளவிட்டுப் பார்க்கவும் அவர்களுக்குத் தெரியும்; புள்ளிவிவரங்களிலிருந்து ஊகிக்கும் முறை தெரியாது. அவர்கள் தாமாகவே புள்ளியியல் நூல் ஒன்றை முழுமையாகப் படித்துக் கணக்குகளைப் போட வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு நிரல் எழுதும் திறமை கைகொடுக்கிறது. வணிகவியல் மட்டும் படித்தவர்களுக்கு இவ்வழி மிகக் கடினம். உள்ளதைச் சொல்லிவிடுவதே நல்லது.

முதுநிலைதான் திருப்பம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர 'ஜாம்' என்னும் பொதுத் தேர்வு நடக்கிறது. இயற்பியல், கணிதம், கணிதப் புள்ளியியல் என்று தனித்தனித் தாள்கள் உண்டு. சிறு நகரக் கல்லூரியில் படித்தவர் ஓர் உயர் நிறுவனத்துக்குள் நுழைய இதைவிட நேரான வாயில் இல்லை. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். படிப்பும், அளவுசார் பொருளியலில் முதுநிலைப் படிப்பும் உள்ளன. நெடுங்காலமாகக் கல்விக் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகையும் அளித்து வந்த நிறுவனம் அது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் கணிதத்தோடு கணிப்பொறி அறிவியலையும் இணைத்து இளநிலையிலிருந்தே கற்பிக்கிறது. தரவு அறிவியலில் முதுநிலையும் அங்கு உண்டு. இந்நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகள் நம் பள்ளித் தேர்வுகளைப் போன்றவை அல்ல. வினாக்கள் குறைவு, ஒவ்வொன்றும் அரைமணி நேரம் யோசிக்க வைக்கும். பழைய வினாத்தாள்களை ஓராண்டுக்கு முன்பே எடுத்து உட்கார வேண்டும்.

அமெரிக்காவில் நிதிக் கணிதத்துக்கென்றே முதுநிலைப் படிப்புகள் 1990-களிலிருந்து வளர்ந்திருக்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் படிப்பு அவற்றுள் பழமையானது. பாரிசிலும் இவ்வகைப் படிப்புக்கு நல்ல பெயர் உண்டு. புகழ்பெற்ற அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து அரைக் கோடி ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். கடன் வாங்கிச் செல்பவர், வேலையும் விசாவும் கிடைக்காத நிலையில் அந்தக் கடனை இந்தியச் சம்பளத்தில் அடைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்று வட்டியோடு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே விமானம் ஏறலாம். நிதிக் கணிதம் படிக்கப் போகிறவருக்கு இது முதல் பயிற்சிக் கணக்கு.

அயல்நாடும் வேண்டாம், பெருநகரத்துக்கும் உடனே போக முடியாது என்பவர்களுக்கு அருகிலேயே ஒரு வழி இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களில் ஆயுள், விபத்து முதலியவற்றின் நிகழ்தகவைக் கணக்கிட்டுப் பிரீமியம் வகுப்பவர் 'ஆக்சுவரி' எனப்படுவார். இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் ஒரு நுழைவுத் தேர்வும், பின்னர் பல பகுதிகளாகத் தேர்வுகளும் நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக எழுதலாம். முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பாதியில் நிற்பவர் மிகுதி. ஆனால் செலவு குறைவு. ஒவ்வொரு தேர்விலும் தேறத் தேறச் சம்பளம் உயரும்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று: மிக அதிகச் சம்பளம் தரும் வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் சில ஐ.ஐ.டி.களிலும் அவற்றை ஒத்த நிறுவனங்களிலுமே ஆள் எடுக்கின்றன. செய்தித்தாளில் வரும் கோடி ரூபாய்ச் சம்பளம் மிகச் சிலருக்கே உரியது. மாதிரிச் சோதனை, இடர் மதிப்பீடு, காப்பீடு ஆகிய பணிகளின் வாயில் அதைவிட அகலமானது.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தை எண்ணித் தயங்குவதை என் வகுப்புகளில் காண்கிறேன். நிகழ்தகவு என்றால் விளங்குகிறது. 'ப்ராபபிலிட்டி' என்றதும் அது ஏதோ புதிய பாடம்போல் தோன்றுகிறது. முதலாண்டிலேயே ஒரு குறிப்பேட்டில் கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதி வாருங்கள். முந்நூறு சொற்களுக்கு மேல் தேவைப்படாது. கருத்தைத் தமிழிலேயே சிந்தியுங்கள். விடையை ஆங்கிலத்தில் வாய்விட்டு விளக்கப் பழகுங்கள்; நேர்காணலில் கேட்பது அதைத்தான். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' விரிவுரைகளில் நிகழ்தகவும் நிதிக் கணிதமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பைத்தான் மொழியில் நிரல் எழுத ஒரு பழைய கணிப்பொறி போதும். நாணயத்தைப் பத்தாயிரம் முறை சுண்டுவதுபோல் ஒரு நிரல் எழுதி, அதைப் பலமுறை ஓட்டி, வர்க்கமூல விதி வருகிறதா என்று பாருங்கள். அதுவே முதல் பாடம்.

இத்துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று அறிய ஒரு கணக்கு தருகிறேன். நேர்காணல்களில் கேட்கப்படும் வகையைச் சேர்ந்தது. தொடர்ந்து இரண்டு முறை தலை விழும்வரை ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம். சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டியிருக்கும்?

நான்கு என்று சொல்லத் தோன்றும். தொடக்க நிலையிலிருந்து தேவைப்படும் சராசரியை அ என்றும், ஒரு தலை விழுந்துவிட்ட நிலையிலிருந்து தேவைப்படும் சராசரியை ஆ என்றும் கொள்வோம். தொடக்கத்தில் ஒரு முறை சுண்டினால், பாதி வாய்ப்பில் ஆ நிலைக்குச் செல்கிறோம். பாதி வாய்ப்பில் அ நிலையிலேயே நிற்கிறோம். எனவே அ = 1 + ஆ/2 + அ/2. ஆ நிலையில் ஒரு முறை சுண்டினால், பாதி வாய்ப்பில் வேலை முடிந்தது. பாதி வாய்ப்பில் மீண்டும் தொடக்கத்துக்கு வந்துவிடுகிறோம். எனவே ஆ = 1 + அ/2. இரண்டையும் தீர்த்தால் அ = 6.

இப்போது தொடர்ந்து மூன்று தலை விழ வேண்டும் என்று மாற்றிக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். 14 வர வேண்டும்.